விசில் அடித்த ஹெட்செட்

எந்த ஹெட்செட் வாங்கலாம் அக்கா என்று கேட்டு மாதத்துக்கு இரண்டு பேராவது எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். எல்லாரும் விமானப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். நான் ஒரே பதிலை வெட்டி ஒட்டி அனுப்பிவிடுவேன். எடை குறைவாக இருக்கட்டும். தலையைப் பிடித்து நிற்க வேண்டும், நெரிக்கக் கூடாது. மூக்குக்கண்ணாடி போடுகிறவள் என்றால் கண்ணாடியோடு மாட்டிப் பார். கடையில் இரண்டு நிமிடம் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கிவிடாதே, இரண்டு நிமிடத்துக்கு எதுவும் சுகமாகத்தான் இருக்கும். நல்ல இரைச்சலில் மூன்று மணி நேரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்.

அவ்வளவு நேரம் இரைச்சலுக்கு எங்கே போவது என்று சிலர் திருப்பிக் கேட்பார்கள். அதற்கு மட்டும் நான் பதில் போடுவதில்லை. எனக்கு வாய்த்த இரைச்சல் எது என்று சொல்ல ஆரம்பித்தால் எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அதைத் தட்டச்சு செய்யும் தெம்பு பெரும்பாலான நாட்களில் எனக்கு இருப்பதில்லை.

நான் படித்த பயிற்சிப் பள்ளியில் ஹெட்செட்டுகள் பொதுச்சொத்து. ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடக்கும். காதில் உட்காரும் மெத்தை வெடித்து, உள்ளேயிருந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். எனக்கு முன்னால் ஓட்டியவனின் வேர்வை காய்வதற்குள் அது என் தலைக்கு வந்துவிடும். ஒரு மணி நேரம் பறந்து இறங்கினால் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கும். இதையெல்லாம் சகித்துக்கொண்டேன். சகிக்க முடியாத ஒன்று கடைசியில் நடந்தது. ஒருநாள் ஓடுபாதைக்கு முன்னால் நிற்கும்படி கட்டுப்பாட்டு டவரிலிருந்து சொன்னார்கள். ஹெட்செட்டின் ஒயர் உள்ளே விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டிருந்தது போலிருக்கிறது, எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. நான் விமானத்தை நகர்த்திக்கொண்டே போனேன். பக்கத்திலிருந்த பயிற்சியாளர்தான் பிரேக்கை மிதித்தார். இறங்கியதும் அவர் கத்தவில்லை. "அடுத்த தடவை சொந்த ஹெட்செட்டோட வா. இல்லேன்னா உன்னைத் தனியா அனுப்ப மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். நெடுந்தூரம் தனியாகப் பறக்க வேண்டிய பயிற்சி எனக்கு இன்னும் பாக்கி இருந்தது. அது முடியாமல் லைசென்ஸ் இல்லை.

அதற்கு அடுத்த வாரமே பள்ளியில் இருந்த விமானங்களில் ஒன்று ரிப்பேர், இன்னொன்று உதிரிபாகத்துக்காகக் காத்திருப்பு என்று சொல்லி எங்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார்கள். நான் பாகூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இன்று கூப்பிடுவார்கள், நாளை கூப்பிடுவார்கள் என்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பதைப் போல அலுப்பான வேலை வேறில்லை. என் கையில் இருந்த ஒரே காரியம் ஹெட்செட் வாங்குவதுதான். அதை மட்டுமாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று ஒரு வெறி.

அப்பா நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவர். சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை சுற்றும் செயின் வண்டி. சேற்று வயலில் இறங்கக்கூடியது. வண்டி வேறொருவருடையது. தாத்தா காலம் வரை எங்கள் குடும்பம் மற்றவர்கள் நிலத்தில் அரிவாளோடு இறங்கியது. அப்பா அதே நிலத்தில் மெஷினோடு இறங்கினார். இருபது வருடங்களுக்கும் மேலாக, கூண்டு இல்லாத திறந்த வண்டியில், என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறார். தலையில் ஒரு துண்டு. காதில் ஒன்றும் கிடையாது.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவர் காதுக்கு ஒரு பேர் உண்டு. யாருக்காவது டிராக்டரிலோ மோட்டாரிலோ ஏதோ சரியில்லை என்றால் அப்பாவுக்கு ஃபோன் போட்டு, ஃபோனை என்ஜின் அருகில் பிடிப்பார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "பெல்ட்டு தளந்து போச்சு, பேரிங் ஒன்னும் இல்ல" என்பார். அப்படியே இருக்கும். கரியமாணிக்கத்திலிருந்துகூட ஆள் வந்து அவரை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அதனால் வீட்டில் மிக்சி வாங்கினாலும் மின்விசிறி வாங்கினாலும் அப்பா காது வைத்துக் கேட்டு ஆமாம் சொன்ன பிறகுதான் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடுவோம். இது எங்கள் வீட்டு வழக்கம்.

அப்படிப்பட்ட காதுக்கு அம்மா பேசுவது மட்டும் விழாது. அம்மாவுக்குக் கீச்சுக்குரல். சாப்பிட வாங்க என்று மூன்று தடவை கூப்பிட்டாலும் அப்பா அசையமாட்டார். "ஊரு வண்டியெல்லாம் இன்னா பேசுதுன்னு தெரியும், பொண்டாட்டி பேசறது மட்டும் காதுல ஏறாது" என்று அம்மா சொல்ல, நாங்கள் சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார். பல வருடங்களாக எங்கள் வீட்டில் ஓடிய நகைச்சுவை இது.

விமானிகள் போடும் ஹெட்செட் இரண்டு வகை. ஒன்று காதை இறுக்கி மூடிச் சத்தத்தைத் தடுப்பது. அதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை, கனமாக இருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று பாட்டரியில் வேலை செய்து இரைச்சலைக் கரைப்பது. ஸ்விட்சைப் போட்டதும் என்ஜின் பக்கத்து ஊருக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும். நான் பாட்டரி வகையைத்தான் ஆன்லைனில் வரவழைத்தேன். பெட்டி வந்ததும் அப்பாதான் முதலில் பிரித்தார். மெத்தையை விரலால் அமுக்கிப் பார்த்தார், வளையும் இடத்தை வளைத்துப் பார்த்தார், ஒயர் சேரும் இடத்தை இழுத்துப் பார்த்தார்.

"வூட்ல மாட்டிப் பாத்தா இன்னாம்மா தெரியும்? வண்டிக்கு எடுத்துகினு வா" என்றார்.

மாசி மாதம், சம்பா அறுவடை முடியும் நேரம். சோரியாங்குப்பத்தில் நான்கைந்து வயல் பாக்கி இருந்தது. அப்பாவுக்குப் பக்கத்தில் ஒடுங்கி நின்றுகொண்டு ஹெட்செட்டை மாட்டினேன். மூக்குக்கண்ணாடியின் காம்பு அழுத்துகிறதா என்று பார்த்தேன். வேர்த்தால் நழுவுகிறதா என்று பார்த்தேன். வைக்கோல் தூசியில் தும்மல்தான் வந்தது, தலைவலி வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போட்டிருந்தேன். எனக்குப் பிடித்துப்போயிற்று. வாழ்க்கையில் ஒரு விஷயமாவது சிக்கலில்லாமல் முடிகிறதே என்று நிம்மதியாக இருந்தது.

வரப்பு ஓரம் திரும்பும்போது அப்பா கையை நீட்டினார். கழற்றிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு வயலில் ஒரு நடை போய்வந்தார். அவர் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். வண்டியை நிறுத்தினார்.

"ஃபால்ட்டு பீஸும்மா இது."

"இன்னாப்பா ஃபால்ட்டு?"

"உள்ள விசில் அடிக்குது. சன்னமா, விடாம. மேல போயி மூணு மணி நேரம் இத்த கேட்டுகினு எப்டி ஓட்டுவ?"

வாங்கி மறுபடி மாட்டினேன். அவர் சொன்ன பிறகு எனக்கும் ஏதோ கேட்டது. இந்த வகை ஹெட்செட்டில் மெல்லிய உஸ்ஸென்ற சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னது அப்பா. ஃபோனில் பேரிங்கைப் பிடிக்கிற காது. நான் சந்தேகப்படவில்லை. அன்று மாலையே பெட்டியைக் கட்டித் திருப்பி அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து விற்றவர்களிடமிருந்து அழைப்பு. பேசியவர் பொறுமையான மனிதர். "மேடம், நாங்க முழுசா டெஸ்ட் பண்ணிட்டோம். இதுல எந்தச் சத்தமும் இல்லை" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பறப்பது நானா நீங்களா, அனுபவம் உள்ளவர் சொல்லித்தான் அனுப்பினேன், மாற்றித் தருவீர்களா மாட்டீர்களா என்று எகிறினேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் புதிது ஒன்றை அனுப்பிவைத்தார்.

அதையும் வண்டிக்குக் கொண்டுபோனோம். அப்பா மாட்டிய இரண்டாவது நிமிடமே கழற்றிவிட்டார். "அதே விசில்தான். கம்பெனி மாலே அப்டித்தான் போல" என்றார். அந்த நிமிடம் எனக்கு அழுகை வந்தது. பள்ளியில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். கூடையில் கிடக்கிற அந்த வெடித்த மெத்தையைத்தான் மறுபடி மாட்ட வேண்டுமா? பயிற்சியாளர் திருப்பி அனுப்பிவிட்டால்? மறுபடியும் விற்றவருக்கு ஃபோன் போட்டு இன்னும் மோசமாகப் பேசினேன். இதையும் திருப்பி அனுப்புங்கள் மேடம் என்றார். அனுப்பினேன். அவர் குரலில் இருந்த களைப்பு அன்று எனக்கு உறைக்கவே இல்லை.

பாட்டரி வகையே வேண்டாம் என்று முடிவு கட்டினேன். எனக்கு முன்னால் படித்து முடித்த ஒரு அக்கா தன் பழைய ஹெட்செட்டை வைத்துக்கொள்ளச் சொல்லி பஸ் பார்சலில் அனுப்பினாள். பச்சை நிறம், கல் மாதிரி கனம், காதை இறுக்கி மூடுகிற முதல் வகை. வில்லியனூர் போய் வாங்கி வந்தேன். அப்பா அன்று வேலை முடித்து வந்து, வாசலில் வண்டிச் சேற்றைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார். பொழுது இன்னும் சாயவில்லை. தெருவில் சத்தமே இல்லை. ஹெட்செட்டை வாங்கித் தலையில் மாட்டினார். கண்ணை மூடினார். நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுலயும் கீதும்மா."

"இன்னா கீது?"

"அதான், விசில்."

நான் ஒயரைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். அதன் முனை எதிலும் செருகப்படாமல் தரையில் கிடந்தது. "ப்பா, இது சும்மா மூடிதான்பா. இதுல பாட்டரியே கெடையாது."

அப்பா ஹெட்செட்டைக் கழற்றி, கவிழ்த்து, மெத்தையை நீக்கி உள்ளே பார்த்தார். எல்லா மெஷினையும் பார்ப்பது போலத்தான் பார்த்தார். "பாட்டரி இல்லாம எப்டிம்மா விசில் அடிக்கும்?" என்று என்னையே கேட்டார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. விமானிகளுக்கான உடல் பரிசோதனையில் காதுக்கும் சோதனை உண்டு. அதற்காக நான் படித்த பாடத்தில் இது ஒரு பத்தி. இரைச்சலில் வேலை செய்கிறவர்களின் காதுக்குள் வெளியில் இல்லாத ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் என்று அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்திருந்தேன். பரீட்சையில் சரியாக எழுதிவிட்டு, வீட்டில் கோட்டைவிட்டேன். அம்மாவின் கீச்சுக்குரலுக்கு நாங்கள் சிரித்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

வர மாட்டேன் என்றவரை இரண்டு நாள் நச்சரித்து, பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்செட் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், நின்றால் விட்டுவிட வேண்டும். அப்பா அழுத்தியவர் விடவே இல்லை. சோதனை செய்த பெண் கதவைத் திறந்து, "ஐயா, சத்தம் வரும்போது மட்டும் அழுத்துங்க" என்றாள்.

"வந்துகினேதானம்மா கீது" என்றார் அப்பா.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்கு இன்றுவரை அவளுக்கு நன்றி சொல்ல நினைக்கிறேன். வேறு மாதிரி, விட்டு விட்டு வரும் சத்தங்களை வைத்து நிதானமாக இரண்டாம் முறை சோதித்தாள்.

டாக்டர் தாளைக் காட்டிச் சொன்னார். புகைப்போக்கி இருக்கும் பக்கம், வலது காது, மிகவும் கெட்டுவிட்டது. இடது காது அவ்வளவு மோசமில்லை. சன்னமான சத்தங்கள்தான் முதலில் போகும், பெண்கள் குரல், பறவைக் குரல். தடிமனான சத்தங்கள் கேட்கும், அதனால்தான் மெஷினைக் கண்டுபிடிக்கிறார். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் வண்டியில் ஏறும்போது காதை மூட வேண்டும். அந்த விசிலுக்கு மருந்து இல்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் அப்பா தலையாட்டினார். எதெல்லாம் காதில் விழுந்தது என்று தெரியாது. நான் சத்தமாக மறுபடி சொன்னேன்.

வெளியே வந்து டீ வாங்கினோம். பாதி குடித்துவிட்டு அப்பா கேட்டார்.

"அப்போ அது எல்லாருக்கும் கேக்காதா?"

"எதுப்பா?"

"அந்த விசில். வண்டிய ஆஃப் பண்ணிட்டா, சத்தமே இல்லாத எடத்துல கேக்குமே. காத்து சத்தம் மாதிரி, அமைதின்னா அப்டித்தான் இருக்கும்னு நெனச்சுகினு இருந்தேன். உனக்குக் கேக்கலியா?"

"இல்லப்பா."

"உங்கம்மாவுக்கு?"

"அம்மாவுக்கும் கேக்காது."

அவர் மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் கெட்டது. ஊருக்கெல்லாம் பொதுவான சத்தம் என்று நினைத்திருந்த வரையில் அது அவரைத் தொந்தரவு செய்யவில்லை. தனக்கு மட்டும்தான் என்று தெரிந்ததும் அதையே கேட்டுக்கொண்டு கிடந்தார். "நீ அந்த எழவ வாங்கியாந்து மாட்டாம இருந்திருந்தா மனுஷன் நிம்மதியா இருந்திருப்பாரு" என்று அம்மா என்மேல் பாய்ந்தாள். அடுத்த நிமிடமே, எதிரே போய் நின்று, முகத்துக்கு நேராக மெதுவாக அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் சொன்னதில் பாதி நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. இப்போதும் படுகிறது.

விற்றவருக்கு ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டேன். ஹெட்செட்டில் குறையில்லை, எங்கள் பக்கம்தான் குறை என்றேன். விவரம் சொல்ல வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. முதலில் திருப்பியதையே மறுபடி எனக்கு அனுப்பிவைத்தார். பள்ளியில் கூப்பிட்டார்கள். அதை மாட்டிக்கொண்டுதான் தனியாகப் பறந்தேன். நல்ல ஹெட்செட். தலை வலிக்கவில்லை, ஒயர் விட்டுப்போகவில்லை, டவரில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. நான் எவ்வளவோ ஆசைப்பட்ட அந்தப் பயணம் முழுக்க எனக்குச் சோர்வாகத்தான் இருந்தது.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது பச்சை ஹெட்செட்டை அப்பாவிடம் கொடுத்திருந்தேன். ஒயரை வெட்டி, மைக்கைக் கழற்றி, வெறும் காதுமூடியாக்கி, இது இல்லாமல் வண்டியில் ஏறக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். ஃபோனில் கேட்கும்போதெல்லாம் போட்டுகினுதான் ஓட்றேன் என்பார்.

ஆவணியில் சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்பு நடந்தபோது இரண்டு நாள் விடுப்பில் வந்தேன். நேராக வயலுக்குப் போனேன். தூரத்திலேயே அப்பா தலையில் பச்சை தெரிந்தது. சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறாரே என்று மனசு குளிர்ந்தது. வண்டி திரும்பிக் கிட்டே வந்தபோதுதான் பார்த்தேன். வலது காதை மூடியிருந்தார். இடது பக்கத்து மூடியைத் தூக்கி நெற்றிக்கு மேல் விட்டிருந்தார்.

கையை ஆட்டி நிறுத்தச் சொல்லி, அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன்.

"இன்னாப்பா இது? ரெண்டு காதையும் மூடத்தான குடுத்தேன்?"

"ரெண்டையும் மூடிட்டா வண்டிக்கு இன்னா ஆவுதுன்னு எனக்கு எப்டிம்மா தெரியும்? பெல்ட்டு வழுக்கினா? செயின்ல கல்லு மாட்டினா? அடுத்தவங்க வண்டி. ஒரு காது அதுக்கு வேணும்ல."

அவர் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. நானும் இரைச்சலில் உட்கார்ந்து ஓட்டுகிறவள்தான். ஆனாலும் விட மனசில்லை.

"சரி, ஒரு காதுதான் வேணும்னா வலது காத தொறந்து வுடு. அதான் எப்பவோ போச்சே. நல்லா கீற காத மூடுப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். இவ்வளவு படித்தவள் இதைக்கூட யோசிக்கவில்லையே என்பது போலப் பார்த்தார்.

"அதுல இன்னாத்தம்மா கேக்கும்?" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.